வெயிலும் புகையும் கூடும் நாளில் பஸ் இலவசம்: வாசகர் கேள்வி, நிபுணர் பதில்

கோடையில் காற்று கெட்டுக் கிடக்கும் நாள்களில் சில வெளிநாட்டு நகரங்கள் பஸ்ஸையும் ரயிலையும் இலவசமாக ஓட்டுகின்றன என்று ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தோம். கொங்கு வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளுக்குப் போக்குவரத்தும் காற்றுத் தரமும் அறிந்த எங்கள் குழுவினர் இங்கே பதில் தருகிறார்கள்.

கேள்வி: வெயில் அடிச்சா குடை பிடிப்போம், மோர் குடிப்போம். அதுக்கும் பஸ் டிக்கெட்டுக்கும் என்னங்க சம்பந்தம்? (கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு வாசகர்)

சம்பந்தம் ஓசோன் வழியாக வருகிறது. வண்டிப் புகையில் நைட்ரஜன் ஆக்சைடுகள் இருக்கின்றன. பெட்ரோல் ஆவி, பெயின்ட், தின்னர், சாயப்பட்டறைக் கரைப்பான்கள் ஆகியவற்றிலிருந்து எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்கள் வருகின்றன. இவை இரண்டும் சுட்டெரிக்கும் வெயிலில் சேர்ந்து வினைபுரிந்தால் தரைமட்ட ஓசோன் உண்டாகிறது. வானத்தின் மேலடுக்கில் இருந்தால் நம்மைக் காக்கும் அதே வாயு, மூக்கருகே வந்தால் நெஞ்சை எரிக்கும். இருமல் வரும், மூச்சை ஆழமாக இழுத்தால் வலிக்கும், ஆஸ்துமா கிளம்பும்.

ஓசோன் எந்தச் சைலன்சரிலிருந்தும் நேராக வருவதில்லை. காலை 7 மணியிலிருந்து 10 மணிக்குள் விட்ட புகைதான் மதியம் 12 முதல் 4 வரை ஓசோனாகிறது. வானம் தெளிந்து, காற்று அசையாமல், வெப்பம் ஏறிய நாளில் இது மிகுதி. மேகம் போட்டால் குறைந்துவிடும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மே இறுதியில் தென்மேற்குக் காற்று தொடங்கிவிட்டால் கோவைப் பக்கம் நிலைமை தானாகவே மாறும். ஆக, வருடம் முழுக்க வேண்டாம், வானிலை பார்த்துச் சில நாள்களில் மட்டும் காலைப் புகையைக் குறைத்தால் போதும் என்ற எண்ணத்தில் பிறந்ததுதான் ஒருநாள் இலவச பஸ்.

இதில் ஒரு விசித்திரமும் உண்டு. காந்திபுரம் சிக்னல் மாதிரி நெரிசலான இடத்தில் ஓசோன் அளவு குறைவாகவே இருக்கலாம். புதிதாக வெளிவரும் நைட்ரிக் ஆக்சைடு அங்கிருக்கும் ஓசோனைத் தின்றுவிடும். மேற்கிலிருந்து காற்று வீசும் நாளில் நகரத்துப் புகை சூலூர், பல்லடம் பக்கம் நகர்ந்துபோய் அங்கே ஓசோனாக முற்றும். புகை விட்டவர் ஒருவர், மூச்சு விடுபவர் இன்னொருவர்.

கேள்வி: மற்ற ஊர்களில் பலன் கிடைத்ததா? சுற்றி வளைக்காமல் கணக்குச் சொல்லுங்கள். (ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்)

ஆள் கூடினார்கள், சாலையில் வண்டி பெரிதாகக் குறையவில்லை. நான்கு ஊர்களின் கதையும் ஏறக்குறைய இதுதான்.

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் 'காற்றைக் காப்போம்' என்ற பொருள்படும் எச்சரிக்கை நாள்களை 1991-லிருந்து அறிவிக்கிறார்கள். 2004-க்குப் பிறகு சில கோடைகளில் அந்த நாள்களில் பஸ், ரயில், படகு எல்லாம் இலவசமாயின. 2006 கோடையில் மட்டும் 6 நாள். கூட்டம் அள்ளியது. ஆனால் வேடிக்கை பார்க்க ஏறியவர்களும் அந்தக் கூட்டத்தில் நிறையப் பேர். செலவுக்கேற்ற காற்று கிடைக்கவில்லை என்று 2008-க்குப் பின் கைவிட்டார்கள்.

தென்கொரியாவின் சியோலில் 2018 ஜனவரியில் 3 நாள் செய்து பார்த்தார்கள். அங்கே வில்லன் ஓசோன் இல்லை, நுண்தூசி. காலை முதல் வண்டியிலிருந்து 9 மணி வரை, மாலை 6 முதல் 9 வரை இலவசம். ஒரு நாள் செலவு சுமார் 500 கோடி வொன். அன்றைய மதிப்பில் நம் பணத்தில் ஏறக்குறைய 30 கோடி ரூபாய். சாலைப் போக்குவரத்து குறைந்ததோ முதல் நாள் 1.8 சதவீதம், எந்த நாளும் 3 சதவீதத்தைத் தொடவில்லை. அடுத்த மாதமே திட்டத்தை நிறுத்திவிட்டார்கள்.

பாரிஸில் 2014 மார்ச்சிலும் 2016 டிசம்பரிலும் இலவசத்தோடு இன்னொன்றையும் சேர்த்தார்கள்: ஒற்றைப்படை, இரட்டைப்படை நம்பர் பிளேட் வண்டிகள் மாற்று நாளில்தான் ஓடலாம். இலவசத்துக்கு ஒரு நாளைக்கு 40 லட்சம் யூரோ அளவுக்கு ஆனது. பிற்பாடு முழு இலவசத்தை விட்டுவிட்டு, அந்த நாள்களுக்கு மலிவு விலையில் நாள் டிக்கெட் கொடுக்கும் முறைக்கு மாறினார்கள்.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் வேறு வழி. எந்த நாள் மோசமாகும் என்று ஜோசியம் பார்க்காமல், ஓசோன் உச்சத்திலிருக்கும் மாதத்தையே இலவசமாக்க 2022-ல் சட்டம் போட்டு மானியம் ஒதுக்கினார்கள். டென்வர் வட்டாரத்தில் 2022 ஆகஸ்ட் முழுக்க இலவசம். 2023-ல் ஜூலை, ஆகஸ்ட் இரண்டும். 2022 ஆகஸ்டில் முந்தைய மாதத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்குமேல் பயணிகள் கூடினார்கள். மாதம் முழுக்க என்றால் ஒருவர் பழகிக்கொள்ள நேரம் கிடைக்கிறது. ஒருநாள் இலவசத்தில் அது கிடையாது.

நான்கிலும் பொதுவான ஓட்டை இதுதான்: ஏற்கெனவே பஸ்ஸில் போகிறவர் மாதப் பாஸ் வாங்கிவிட்டார். அவருக்கு லாபம் இல்லை, காற்றுக்கும் இல்லை. நடந்து போகிறவர் பஸ்ஸில் ஏறினாலும் புகை குறையாது. காரிலும் பைக்கிலும் வருகிறவர் ஏறினால்தான் குறையும். அவரோ டிக்கெட் விலை பார்த்து வண்டி எடுப்பவர் இல்லை.

கேள்வி: எங்களுக்கு டவுன் பஸ் 2021-லிருந்தே இலவசம்தானே? வெயில் நாளுக்கென்று தனியாக எதற்கு? (சூலூரிலிருந்து ஒரு வாசகி)

சரியாகப் பிடித்தீர்கள், அம்மா. 2021 மே மாதம் தொடங்கிய மகளிர் கட்டணமில்லாப் பயணத்தில் அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்கள், திருநங்கைகள், மாற்றுத்திறனாளிகள், அவர்களுக்கு உதவியாக வரும் ஒருவர் ஆகியோருக்குக் கட்டணம் இல்லை. 2025-26 மாநில பட்ஜெட்டில் இதற்கு 3,682 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். பாரிஸும் சியோலும் சில நாளுக்குக் கொடுக்கத் திணறியதைத் தமிழ்நாடு பாதி ஜனத்தொகைக்குத் தினமும் கொடுத்தது.

ஏறும்போது மூன்றைக் கவனியுங்கள். சாதாரண டவுன் பஸ்தானா என்று போர்டைப் பாருங்கள். எக்ஸ்பிரஸ், சொகுசு, ஊர்விட்டு ஊர் போகும் மொபசல் வண்டிகளுக்குப் பொதுவாக இது கிடையாது. தனியார் டவுன் பஸ்ஸுக்கும் கிடையாது. கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் வழித்தடங்களில் முன்னால் வரும் வண்டி தனியாராகவே இருப்பது சகஜம். அவசரத்தில் ஏறிவிட்டுக் கண்டக்டரோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். மூன்றாவது, கட்டணம் இல்லையென்றாலும் டிக்கெட் வாங்கிக் கையில் வைத்திருங்கள். செக்கிங் வந்தால் அதுதான் சாட்சி. அந்த டிக்கெட்டுகளை எண்ணித்தான் கழகத்துக்கு அரசின் பணமும் வருகிறது.

ஆகவே நம் ஊரில் வெயில் நாள் இலவசம் என்று யாராவது பேசினால், அது நடைமுறையில் ஆண்களுக்கும் தனியார் பஸ்ஸுக்கும் ஆன பேச்சு.

கேள்வி: டவுன் பஸ்ஸே கரும்புகை கக்கிக்கொண்டு போகிறது. அதில் ஏறினால் காற்று சுத்தமாகுமா? (பல்லடத்திலிருந்து ஒரு வாசகர்)

கேள்வியிலேயே பாதி நியாயம் இருக்கிறது. எரிபொருள் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பஸ் ஒரு லிட்டர் டீசலுக்கு ஏறக்குறைய 5 கிலோமீட்டர் ஓடும். பைக் லிட்டருக்கு 50 என்று வையுங்கள், கார் 15. தூரம் 15 கிலோமீட்டர். பஸ்ஸுக்கு 3 லிட்டர், பைக்குக்கு 0.3 லிட்டர், காருக்கு 1 லிட்டர் ஆகும். அதாவது கூடுதலாக ஒரு பஸ்ஸை இறக்கினால், அதற்காக 10 பைக்கோ 3 காரோ வீட்டில் நின்றால்தான் எரிபொருளில் சரிக்குச் சரி. அதற்கும் மேல் நிற்பதுதான் ஆதாயம். ஏற்கெனவே ஓடும் பஸ்ஸில் காலி சீட் இருந்தால் கணக்கே வேறு: ஒருவர் கூட ஏறுவதால் டீசல் கூடுவது ஒன்றுமில்லை. அவர் விட்டுவந்த வண்டியின் புகை முழுக்க மிச்சம்.

சிக்கல் எங்கே என்றால், காலி சீட் இருப்பது பகல் 11 மணி வண்டியில். ஓசோனுக்கு விதை போடுவது காலை 8 மணிப் புகை. அந்த நேரத்து பஸ்ஸில் படிக்கட்டில் கால் வைக்கவும் இடம் இருக்காது.

எரிபொருள் கணக்கு மட்டும் முழுக் கணக்கு ஆகாது. ஒரே அளவு எரிபொருளுக்குப் பழைய டீசல் இன்ஜின் விடும் நைட்ரஜன் ஆக்சைடும் கரியும் பெட்ரோல் பைக்கைவிட மிக அதிகம். 2020 ஏப்ரலுக்குப் பிறகு விற்ற டீசல் வண்டிகள் பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டுத் தரம், அவற்றில் கரி வடிகட்டியும் நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கும் அமைப்பும் உண்டு. எச்சரிக்கை நாளில் கூடுதல் நடைக்கு எடுக்கும் வண்டி புதியதாக இருக்க வேண்டும். டிப்போ மூலையில் நிற்கும் கிழட்டு ஸ்பேர் பஸ்ஸைத் தூசி தட்டி எடுத்தால் செய்த காரியம் வீண். வண்டி தொடர்ந்து கரும்புகை விட்டால் பெரும்பாலும் ஏர் ஃபில்டர் அடைப்பு, இன்ஜெக்டர் கோளாறு, அல்லது பம்ப் டியூனிங் தவறியது. அதை இலவச டிக்கெட் சரிசெய்யாது, டிப்போ மெக்கானிக்தான் சரிசெய்வார்.

கேள்வி: கோவையில் இதைச் செய்வதென்றால் எப்படிச் செய்ய வேண்டும்? (பீளமேட்டிலிருந்து ஒரு வாசகர்)

முதலில் எந்த அளவில் அறிவிப்பது என்று தீர்மானிக்க வேண்டும். டெல்லியைப் பார்த்துக் காற்றுத் தரக் குறியீடு 300 தாண்டினால் என்று எழுதிவைத்தால், நம் ஊரில் அந்த அறிவிப்பு வரவே வராது. இந்தியத் தர அளவில் ஓசோனின் 8 மணி நேரச் சராசரி ஒரு கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டும், 2.5 மைக்ரான் நுண்துகளின் 24 மணி நேரச் சராசரி 60-க்குள். இந்த வரம்புகளை ஒட்டி வந்தாலே அறிவிக்கலாம் என்பது எங்கள் கருத்து. அதோடு மறுநாள் வானிலையும் சேர வேண்டும்: வெப்பம் 38 டிகிரிக்கு மேல், வானம் தெளிவு, காற்று மந்தம்.

அறிவிப்பு முதல் நாள் மாலை 5 மணிக்குள் வெளியாக வேண்டும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் குறியீட்டு அறிக்கை தினமும் மாலை 4 மணிக்கு வருகிறது. அது கடந்த 24 மணி நேரத்தின் கணக்கு, நாளைக்கானது இல்லை. அதையும் வானிலை மையத்தின் முன்னறிவிப்பையும் பக்கத்தில் வைத்து ஒரே அதிகாரி முடிவெடுக்க வேண்டும். மறுநாள் காலை 8 மணிக்குச் சொன்னால் பைக் அதற்குள் அவிநாசி ரோட்டில் ஏறியிருக்கும். மில், கம்பெனி, கல்லூரி வாட்ஸ்அப் குழுக்களுக்கு மாலையே போய்விட்டால்தான் ஷிப்டு முடிந்து போகிறவர் நாளைக்கு எப்படி வருவது என்று யோசிப்பார்.

அடுத்தது நடைகள். கூடுதல் பஸ்ஸை எல்லா ரூட்டிலும் தூவினால் எங்கேயும் தெரியாது. காரும் பைக்கும் அதிகம் வரும் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: சரவணம்பட்டி, கீரணத்தம் ஐ.டி. பக்கம், அவிநாசி ரோட்டுக் கல்லூரிகள், குறிச்சி சிட்கோ. காலை 7 முதல் 9:30 வரை 10 நிமிடத்துக்கு ஒரு வண்டி என்று நேரம் சொல்லி விட்டால், பைக்காரர் ஒருவேளை நம்புவார். 40 நிமிடத்துக்கு ஒரு வண்டி இலவசம் என்றால் நம்பமாட்டார். 15 கிலோமீட்டருக்கு பைக் பெட்ரோல் செலவு இன்றைய விலையில் 30 ரூபாயை ஒட்டி வருகிறது. டவுன் பஸ் டிக்கெட் இப்போதே அதைவிட மலிவு. ஆனாலும் அவர் பைக்கில் போகிறார். காசு அவருக்குத் தடையாக இல்லை. காத்திருக்கும் நேரமும், கடைசி ஸ்டாப்பிலிருந்து கம்பெனி வாசல் வரை வெயிலில் நடக்கும் ஒரு கிலோமீட்டரும்தான் தடை. அதற்குக் கம்பெனி வேன்களைக் கடைசி ஸ்டாப்பிலிருந்து வாசலுக்கு ஓட விடுவதுதான் மலிவான வழி. பெரிய கம்பெனிகளிடம் வேன் ஏற்கெனவே இருக்கிறது.

மாலைத் திரும்பும் வண்டியை மறந்துவிடுவது இந்த மாதிரித் திட்டங்களில் வாடிக்கை. காலையில் இலவசமாக வந்தவர் இரவு 9 மணிக்கு ஸ்டாண்டில் நின்றால் அடுத்த முறை எந்த அறிவிப்பையும் காதில் போடமாட்டார்.

கேள்வி: கவர்ன்மென்ட் வண்டிய ஓசியா விட்டா, எங்க கலெக்ஷன் என்னாகுங்க? பேட்டா யாரு குடுப்பாங்க? (சிங்காநல்லூரிலிருந்து ஒரு தனியார் பஸ் கண்டக்டர்)

கொங்கு வட்டாரத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் எந்தத் திட்டமும் ஓடாது. தனியாரை விட்டுவிட்டு அறிவித்தால் அரசு பஸ் பிதுங்கும், உங்கள் வண்டி காலியாக ஓடும். இருக்கிற நான்கு பயணிகளைப் பிடிக்க வண்டிகள் ஒன்றையொன்று முந்தி ஓடும். சேர்த்துக்கொண்டு டிக்கெட் எண்ணிக்கைக்குப் பணம் என்றால் வேறு தொல்லை: ஏறாத ஆளுக்கும் பூஜ்ஜிய டிக்கெட் அடிக்கும் ஆசை வரும். எல்லோருக்கும் வரும் என்று சொல்லவில்லை. கட்டுப்படுத்த ஆள் போட வேண்டியிருக்கும் என்கிறோம்.

ஆகவே அந்த ஒரு நாளுக்குக் கிலோமீட்டர் கணக்கில் ஓனருக்குப் பணம் கொடுப்பதே நேர்மையான முறை. பர்மிட்டில் உள்ள நடையை முழுக்க ஓட்டினாரா என்பதை ஜி.பி.எஸ். காட்டிவிடும். தொகையை முந்தைய மாதத்தின் அதே கிழமை வசூலை வைத்து நிர்ணயிக்கலாம். டிரைவர், கண்டக்டர் பேட்டா வசூலில் சதவீதமாக வருவதால், அந்த நாளுக்கு நிலையான தொகை என்று ஓனர் எழுதித்தர வேண்டும். இல்லாவிட்டால் ஓனருக்குப் பணம் வந்துசேரும், உங்களுக்கு வராது.

கேள்வி: செல்போனில் காற்றுத் தரம் பார்க்கும்போது எந்த எண்ணைப் பார்ப்பது? (சேலத்திலிருந்து ஒரு வாசகர்)

மத்திய வாரியத்தின் 'சமீர்' செயலியில் ஊரைத் தேர்ந்தெடுத்து, பிறகு நிலையத்தைத் தொடுங்கள். சேலத்தில் சோனா கல்லூரி, கோவையில் குறிச்சி சிட்கோ ஆகிய இடங்களில் தானியங்கி நிலையங்கள் உள்ளன. 0-50 நன்று, 51-100 திருப்தி, 101-200 மிதம், 201-300 மோசம், 301-400 மிக மோசம், அதற்கு மேல் கடுமை.

மொத்தக் குறியீடு என்பது பல மாசுகளின் சராசரி கிடையாது. எது மிக மோசமோ அதன் எண்தான். அதனால் கீழே எந்த மாசு முன்னணியில் இருக்கிறது என்று பாருங்கள். பி.எம்.10 (10 மைக்ரானுக்கு உட்பட்ட துகள்) என்றால் ரோட்டுத் தூசி, கட்டுமானம், கல்குவாரிப் பக்கம் கைகாட்டும். பஸ் இலவசத்தால் அது அசையாது. ஓசோன் என்றால் மதிய வெளிவேலையைக் காலைக்கு மாற்றுங்கள்.

கேள்வி: என்-95 மாஸ்க் போட்டால் போதாதா? (அவிநாசியிலிருந்து ஒரு வாசகி)

தூசிக்கும் கரித்துகளுக்கும் போதும், மூக்குப் பக்கம் இடைவெளி இல்லாமல் அழுத்திப் போட்டால். ஓசோன் வாயு, அது வடிகட்டியைத் தாண்டி வரும். ஆஸ்துமா உள்ளவர் இன்ஹேலரைப் பையில் வைத்துக்கொண்டு, மதியம் 12 முதல் 4 வரை நடையையும் சைக்கிளையும் தவிர்ப்பது மாஸ்க்கைவிட உதவும்.

கேள்வி: வெயில் நாளில் பஸ்ஸில் எந்தப் பக்கம் உட்காருவது? எங்கே நிற்பது? (பொள்ளாச்சியிலிருந்து ஒரு வாசகி)

கோவையிலிருந்து பொள்ளாச்சி தெற்கே. காலையில் அந்தத் திசையில் போனால் வெயில் இடப்பக்கம், மாலையில் வலப்பக்கம். பொள்ளாச்சியிலிருந்து கோவைக்கு வரும்போது நேர்மாறு. பெண்கள் சீட் பெரும்பாலும் இடப்பக்கமே இருப்பதால், காலையில் கோவையிலிருந்து தெற்கே வருகிற பெண்களுக்கு வெயில் தப்பாது. ஜன்னலோரத்தைவிட உள்பக்க சீட் நல்லது. இன்ஜின் முன்னால் உள்ள வண்டியில் பானெட்டை ஒட்டிய சீட் எந்தத் திசையிலும் சுடும். நடு வரிசைக்குப் போய்விடுங்கள்.

உடம்பைக் கெடுப்பது பயணத்தைவிடக் காத்திருப்பதுதான். கூரைத் தகரம் போட்ட நிழற்குடையில் தகரமே அனலை இறக்கும். பக்கத்தில் வேப்பமரமோ புங்கமரமோ இருந்தால் அங்கே நின்று, வண்டி வந்ததும் நகருங்கள். புறப்படும் முன் ஒரு டம்ளர் மோரோ தண்ணீரோ, கையில் ஒரு லிட்டர் பாட்டில். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கலப்பதானால் பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவு நீரில் கலக்குங்கள், பெரிய பொட்டலம் என்றால் ஒரு லிட்டர். பாதி நீரில் கலந்தால் உப்பு கூடிவிடும். கூட வருபவருக்குத் தலைசுற்றி, பேச்சு குழறி, உடம்பு கொதித்தால் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி நிழலில் கிடத்தி, ஈரத்துணி போட்டு விசிறிக்கொண்டே 108-ஐ அழையுங்கள். நினைவு தப்பினவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. வெப்ப அலையை 2024 அக்டோபரில் தமிழக அரசு மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதனால் உயிரிழப்புக்கு நிவாரணம் கோரவும் வழி உண்டு.

கேள்வி: எங்கள் ஊரில் வெயில் கேட்கவே வேண்டாம். இதையெல்லாம் யாரிடம் மனுவாகக் கொடுப்பது? (கரூரிலிருந்து ஒரு வாசகர்)

கரூர் கொங்கு நாடுதான் என்றாலும் அரசு பஸ் நிர்வாகத்தில் கும்பகோணம் கோட்டம். கோவை, திருப்பூர், ஈரோடு, நீலகிரி கோவைக் கோட்டம். சேலம், நாமக்கல் சேலம் கோட்டம். கோட்டம் மாற்றி எழுதினால் மனு ஊர் சுற்றி வரும். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் கொடுத்தால் போக்குவரத்துக் கழகம், வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் இரண்டுக்கும் சேர்த்து அனுப்புவார்கள். தனியார் பர்மிட்டும் நேரமும் இரண்டாமவர் கையில். மனுவில் 'பஸ்ஸை இலவசமாக்குக' என்று மட்டும் எழுதாதீர்கள். ரூட் நம்பர், ஸ்டாப், காலை 7 முதல் 9 வரை இப்போது வரும் வண்டிகளின் நேரம், எத்தனை பேர் ஏற முடியாமல் நிற்கிறார்கள் என்ற ஒரு வார எண்ணிக்கை, ஏப்ரல் மே இரண்டு மாதத்துக்குக் கேட்கும் கூடுதல் நடைகள் ஆகியவற்றை ஒரு பக்கத்துக்குள் எழுதி, ரசீது எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.